ஓசை மட்டும் போதாது



இவ்வாரம் நம் ஆலயத்தின் பின்னறையில் மாட்டப்பட்டிருக்கும் சிறு பெட்டி ஒன்றைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். கதவு உடைக்கப்பட்டால் சைரனை ஒலிக்கச் செய்து, தனக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக நம் கைப்பேசிகளை அழைக்க வேண்டிய கருவி அது. கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு சைரன் ஒலித்தது; ஆனால் ஒருவருடைய கைப்பேசியும் ஒலிக்கவில்லை. காலையில் காணிக்கைப் பெட்டி உடைந்து கிடந்தது.

அந்தக் கருவியை நாம் ஏன் வாங்கினோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2023 பிப்ரவரி 12 அதிகாலையில், திருவண்ணாமலை நகரில் இரண்டு, போளூரில் ஒன்று, கலசபாக்கத்தில் ஒன்று என நான்கு ஏடிஎம் இயந்திரங்கள் ஒரே இரவில் எரிவாயுக் கருவியால் வெட்டித் திறக்கப்பட்டன. 70 லட்சம் ரூபாய்க்கும் அதிகமான பணம் போயிற்று. காவல்துறையின் தனிப்படைகள் ஹரியானா வரை சென்று தேட வேண்டியிருந்தது. ஆட்சியர் அலுவலகமே வேங்கிக்காலில் இருக்கும்போது நமக்கென்ன பயம் என்று இருந்த நாமும் அன்று விழித்துக்கொண்டோம்.

அப்போது நம்மில் சிலர், "கர்த்தர் காக்கும்போது கருவி எதற்கு, ஐயா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆயினும் நெகேமியாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்கள் முதலில் ஜெபித்தார்கள். பிறகு இரவும் பகலும் காவல் வைத்தார்கள். அலங்கம் நீண்டது, வேலையாட்களோ ஒருவருக்கொருவர் தூரத்தில் நின்றார்கள். ஆகவே எக்காளம் ஊதுகிறவனை நெகேமியா தன் அருகிலேயே நிறுத்திக்கொண்டு, சத்தம் கேட்கும் இடத்துக்கு எல்லோரும் ஓடிவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஜெபமும் காவலும் அங்கே ஒன்றுக்கொன்று பகையல்ல. எக்காளம் இருந்தது மட்டுமல்ல, அதைக் கேட்டவுடன் யார் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. நாமோ எக்காளத்தை வாங்கினோம்; ஏற்பாட்டை விட்டுவிட்டோம்.

இதில் முதல் தவறு என்னுடையது. கருவியைப் பொருத்திய அன்று அதில் ஒரே ஓர் எண்ணைப் பதிந்தோம். அது என் எண். ஒருமுறை சோதித்தோம், என் கைப்பேசி ஒலித்தது. எல்லோரும் மகிழ்ந்து கலைந்தோம். அந்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வது என்று நான் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. 90 நாள்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் முன்கட்டண சிம்மின் இணைப்பைத் துண்டிக்க விதிகள் இடமளிக்கின்றன. ஆபத்து இல்லாத காலத்தில் எச்சரிக்கைக் கருவி யாரையும் அழைப்பதில்லை. ஆகவே நாம் அமைதியாக இருந்த மாதங்களிலேயே அதன் குரல் அடைபட்டுப்போனது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது. ஞாயிறுதோறும் அதைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன்.

இரண்டாம் தவறு நம் எல்லோருடையது. மறுநாள் பக்கத்துத் தெருச் சகோதரி ஒருவர் கண்கலங்கச் சொன்னார்: "சத்தம் கேட்டது, ஐயா. யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்று படுத்துவிட்டேன்." அவரை நான் குறைசொல்லமாட்டேன். குருமனையில் இருந்த நானும் மழைச் சத்தத்தில் அதை ஏதோ வாகனத்தின் ஒலி என்றே எண்ணினேன். போன பணம் சொற்பமே. ஆனால் நாளை நம் சபையில் தனியாக வாழும் முதியவர் ஒருவர் நள்ளிரவில் உதவிக்கு அழைத்தால், அப்போதும் "யாராவது" என்பவரைத்தான் நாம் நம்பியிருப்போமா?

புதிய கருவி வாங்கலாம் என்று சபைக் குழுவில் ஓர் ஆலோசனை வந்திருக்கிறது. வாங்குவோம். இப்போதுள்ளது 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்குவது. 2ஜி சேவையே இல்லாத ஜியோவின் சிம்மை அதில் இட்டால் பயனில்லை. அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த எச்சரிக்கைக் கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. எனவே 4ஜியில் இயங்கும் கருவியே நல்லது. சிம்மின் பின் எண் பூட்டை நீக்கி, சுவருக்குள் அலைவரிசை போதுமான அளவு கிடைக்கிறதா என்று பார்த்தபின் பொருத்த வேண்டும். மின்சாரம் நின்றாலும் இயங்க பேட்டரி வேண்டும். பௌர்ணமி இரவுகளில் கிரிவலக் கூட்டத்தால் அழைப்புகள் இணையாமல் திணறுவதை அறிவோம். ஆகவே அழைப்போடு குறுஞ்செய்தியும் அனுப்பும் வகையில் அமைக்க வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் பொருத்துதல் மட்டுமே. அழைப்பைக் கேட்டு ஒருவர் எழுந்து வரும்போதுதான் கருவி உண்மையில் இயங்கத் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஐந்து எண்கள் தேவை. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவற்றைப் பதிவோம். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் கதவைத் திறந்து சோதிப்போம். அந்தச் சோதனை அழைப்பே சிம்மையும் உயிரோடு வைக்கும். ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு ஒருவருடைய பெயரில் எழுதப்படும். அழைப்பு வந்தால் தனியாக ஓடாமல், காவல்துறைக்கு 112 என்ற எண்ணில் தெரிவித்து, இருவராகச் செல்வோம். தனியாக வாழும் நம் முதியோரும் இந்த ஐந்து எண்களை வைத்திருப்பார்கள்.

உங்கள் எண்ணைத் தருமுன் ஒன்றை மட்டும் சிந்தியுங்கள். மழை பெய்யும் இரவில், இரண்டு மணிக்கு, அது ஒலித்தால் எழுவீர்களா? எழுவேன் என்பவர்கள் ஞாயிறன்று என்னிடம் வாருங்கள். முதல் எண்ணாக என்னுடையது இருக்கும். இம்முறை அது ஒன்று மட்டும் இருக்க வேண்டாம்.

உறங்காமல் நம்மைக் காக்கிற தேவன், ஒருவரையொருவர் காக்கும் விழிப்பை நமக்கும் அருளுவாராக. ஆமென்.