தொடர்பு அதிகாரியின் பணி

அரசாங்கத்தின் விஞ்ஞான இலாகாக்களில் இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. மழை, காற்று, மண், நீர் ஆகிய யாவும் இடைவிடாது அளக்கப்படுகின்றன. அளவுகளும் உடனுக்குடன் வெளியாகின்றன. ஆயினும், அளப்பவருக்கும், அந்த அளவைக் கொண்டு ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டியவருக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துவிட்டதாகக் கூற இயலாது. இத்தூரத்தைக் கடப்பதற்கென்றே ஓர் ஊழியர் தேவை. அவரைத் தொடர்பு அதிகாரி எனலாம். ஒரு தொழில்நுட்ப இலாகாவின் சார்பில், அதன் சேவையைப் பயன்படுத்தும் பிற இலாகாக்களையும் நிலையங்களையும் அணுகி, அவற்றின் தேவையை அறிந்து தம் இலாகாவுக்கு எடுத்துரைத்து, கிடைத்த விடையை விளங்கும்படி கொண்டு சேர்ப்பது அவர் கடமை. இப்பணியை வேறு வேலைகளுக்கிடையே ஒழிந்த நேரத்தில் செய்யத்தக்க உபரி வேலையாகக் கருதுவது தவறு. தனிப் பயிற்சியும் தனி நேரமும் வேண்டும் தொழில் அது.

புது டெல்லியிலுள்ள மந்திர் மார்க் இதற்கு நல்ல உதாரணமாகும். முன்னாளில் ரீடிங் ரோடு என வழங்கிய இச்சாலை, ரிட்ஜ் எனப்படும் மேட்டுக்காட்டை ஒட்டிச் செல்கிறது. 1939ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயத்தால் இதற்கு இப்பெயர் வந்தது. இங்குப் பள்ளிகள் பல உள்ளன. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் ராய்சினா வங்காளிப் பள்ளியும் அவற்றுள் சேர்ந்தவை. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் தானியங்கிக் காற்று அளவை நிலையம் ஒன்றும் இச்சாலையிலேயே இயங்குகிறது. கருவியும் வகுப்பறையும் இவ்வளவு நெருங்கியிருந்தும், கருவி காட்டும் எண் வகுப்பறையின் கேள்விக்குத் தானாகவே விடையாகிவிடுவதில்லை.

அதன் காரணத்தைச் சற்று விளக்குவது பயனுடையது. இந்தியாவின் காற்றுத் தரக் குறியீட்டெண் 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எட்டு மாசுப் பொருள்களைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. அவற்றுள் டெல்லியின் குளிர்காலத்தில் முதன்மையானவை 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்த விட்டமும் உள்ள நுண்துகள்கள். இத்துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியே அடிப்படை. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் என்பது தேசிய வரம்பு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் மாலை 4 மணிக்கு வெளியிடும் அறிக்கை, முந்திய 24 மணி நேரத்தின் நிலையையே தெரிவிக்கிறது. ஆசிரியரின் கேள்வியோ வேறு. நாளைக் காலை 8 மணிக்குப் பிள்ளைகளைத் திறந்த வெளியில் பிரார்த்தனைக்கு நிறுத்தலாமா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு நாளில் இரவும் காலையுமான 12 மணி நேரம் நுண்துகள் அளவு 160 ஆகவும், எஞ்சிய 12 மணி நேரம் 60 ஆகவும் இருப்பதாகக் கொண்டால், சராசரி 110 ஆகும். குறியீட்டெண்ணின்படி அது ‘மோசம்’ என்னும் வகையில் அடங்கும். ஆனால் காலை வேளையின் 160 என்ற அளவு, தனித்து நோக்கினால், ‘மிக மோசம்’ என்னும் வகைக்குரிய வரம்பில் விழுகிறது. பிற்பகலின் 60 தேசிய வரம்பைத் தாண்டவில்லை. குளிர்காலத்தில் தரையை அடுத்த காற்றடுக்கு இரவில் தாழ்ந்து குறுகி மாசை அடைத்து வைப்பதும், வெயில் ஏறியபின் அடுக்கு உயர்ந்து மாசு பரவிக் கலைவதும் இதற்குக் காரணம். ஆகவே விளையாட்டு வகுப்பைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றுவது, செலவின்றிக் கிட்டும் ஒரு பாதுகாப்பு. கோடையில் நிலைமை மாறுகிறது; ஓசோன் வாயு வெயில் மிகுந்த பிற்பகலிலேயே பெருகுகிறது. எந்த மாதத்தில் எந்த மாற்றம் தக்கது என்பதை வெறும் எண் சொல்வதில்லை. எண்ணையும் பள்ளியின் அன்றாட நடைமுறையையும் ஒருங்கே அறிந்தவரே சொல்ல வல்லவர்.

இது சிறிய விஷயமன்று. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட படிமுறை நடவடிக்கைத் திட்டத்தின்படி, டெல்லியின் சராசரிக் குறியீட்டெண் 400ஐக் கடந்தால் மூன்றாம் படியும், 450ஐக் கடந்தால் நான்காம் படியும் அமலாகும் என அப்போது வகுக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் மாசு மிகுந்தபோது பள்ளி வகுப்புகள் இணைய வழிக்கு மாற்றப்பட்டன. கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நின்றது. பள்ளியில் உண்ணும் பிள்ளைக்கு மதிய உணவும் தவறியது. பலர் தம் வீட்டிலும் அதே காற்றைத்தான் சுவாசித்தனர். மூடுதல் அவசியமாகும் நாட்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூடுதலுக்கும் சும்மா இருத்தலுக்கும் இடையே செய்யத்தக்கவை பல. அவற்றை ஒவ்வொரு பள்ளியும் தானாகவே கண்டுபிடிக்கும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இத்தகைய இணைப்பு நாட்டுக்குப் புதியதன்று. உழவுத் துறை அதன் பயனை நெடுநாள் அனுபவித்துள்ளது. இந்திய வானிலை இலாகா 1932ஆம் ஆண்டிலேயே புனேயில் வேளாண் வானிலைப் பிரிவை ஏற்படுத்தியது. பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராமதாஸ் அப்பிரிவை வளர்த்தார். 1945ஆம் ஆண்டில் உழவர்களுக்கான வானிலை அறிக்கை வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பின்னர் முன்னறிவிப்பை மட்டும் சொல்லாமல், விதைப்பதா, மருந்து தெளிப்பதைத் தள்ளிப் போடுவதா என்ற ஆலோசனையையும் சேர்த்துத் தரும் முறை வளர்ந்தது. இன்று அவ்வாலோசனை வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிறது.

ஆனால் இணைப்பு எளிதில் அறுபடவும் கூடும். வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைந்திருந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. தரவுச் சேகரிப்பு தானியங்கிமயமாகிவிட்டது என்பது அப்போது முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. தரவு தானே வந்து சேரலாம்; உள்ளூர்ப் பயிரின் பருவத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பதும், சென்ற வாரத்து ஆலோசனை ஏன் பலிக்கவில்லை என்று உழவரிடம் கேட்டறிவதும் தானே நடப்பதில்லை. கருவியின் வேலையையும் ஊழியரின் வேலையையும் ஒன்றெனக் கருதும் பிழை இங்கு தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். ‘சமீர்’ என்னும் கைபேசிச் செயலியிலேயே குறியீட்டெண் கிடைக்கும்போது இடையில் ஒருவர் எதற்கு என்பது முதலாவது. செயலி சொல்லும், கேட்காது. மந்திர் மார்க் நிலையத்தின் அளவு, பேருந்து நிலையத்தை அடுத்த ஆனந்த் விஹாரிலுள்ள பள்ளிக்குப் பொருந்துமா என்ற ஐயத்தை அதனிடம் கேட்டுத் தெளிய முடியாது. கோப்பு கடக்க வேண்டிய மேஜைகளில் மேலும் ஒன்று கூடிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான அச்சமே. ஆதலால் தொடர்பு அதிகாரிக்கு அனுமதி வழங்கும் அதிகாரமோ மறுக்கும் அதிகாரமோ இருத்தலாகாது. அவர் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்ற விதியும் கூடாது. பயன் கண்டு நாடிச் செல்பவர்களே அவருடைய தகுதிக்குச் சான்று.

இப்பணிக்கு வேண்டிய திறமைகள் சில. முதலாவது, விடையைச் சொல்வதற்கு முன் கேள்வியை முழுதும் கேட்கும் பொறுமை. இரண்டாவது, இரு தரப்பின் வேலையையும் ஓரளவேனும் அறிந்திருத்தல். பள்ளியின் கால அட்டவணையை அறியாதவர் காலை மாசைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மூன்றாவது, கருவியின் எல்லையை ஒளிக்காமல் கூறும் நேர்மை. இயலாததை வாக்களிப்பவர் ஒரு முறை நம்பப்படுவார், மறுமுறை நம்பப்படமாட்டார். நான்காவது, குறைகளைத் தம் இலாகாவின் மேலதிகாரிகளிடம் மழுப்பாமல் எடுத்துரைக்கும் துணிவு. இந்நான்கினுள் கடைசியானதே அரிது.

இப்பணியைத் தனித் தொழிலாக அங்கீகரித்த முன்மாதிரிகளும் உள்ளன. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் மின்னியல், தரவுத் துறைப் பதவிகளை வகைப்படுத்தியபோது, இலாகாக்களுக்கிடையே உறவைப் பேணும் அதிகாரிக்குத் தனிப் பெயரும் திறமைப் பட்டியலும் வகுத்தது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டில் தோன்றிய தேசியத் தகவலியல் மையம், மாவட்டந்தோறும் ஒரு தகவலியல் அதிகாரியை அமர்த்தி, மாவட்ட நிர்வாகத்தின் தேவையைக் கணினி வல்லுநர்களோடு இணைத்தது. காற்று, நீர், வானிலை ஆகியவற்றை அளக்கும் இலாகாக்களும் இவ்வழியைப் பின்பற்றலாம். ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் என்ற அளவில் தொடங்கினாலும் போதும். அவருடைய வேலையை அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையால் மதிப்பிடலாகாது. அவர் பேச்சைக் கேட்டு எத்தனை பள்ளிகள் எந்த நடைமுறையை மாற்றின என்பதே அளவுகோலாக வேண்டும்.

அதுவரை களப்பணியாளரும் ஆசிரியரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. தேவைப்படும் தகவல் எது, எந்த நேரத்தில், எந்த முடிவுக்காக என்பதை மூன்று வரிகளில் எழுதி அளவை நிலையத்துக்கு அனுப்புவது இன்றே இயலும். கிடைத்த விடை பயன்பட்டதா என்பதைத் திரும்ப எழுதித் தெரிவிப்பது அதனினும் முக்கியம். தெளிவாகக் கேட்கப்பட்ட கேள்விகள் சேரச் சேர, அவற்றுக்கு விடையளிக்க ஒருவரை நியமிக்க வேண்டிய அவசியத்தை இலாகாக்களும் உணரும்.