கா விட்டா பழம் விடவும் தெரியணும்



"அந்தப் பள்ளிக்கூடமா? மொத்தமே பதினெட்டுப் பிள்ளைங்க. அங்க என்ன படிப்பு இருக்கப் போகுது?" இப்படிப் பேசுறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, காலையில ஏழரை மணிக்கு மெயின் ரோட்டுல நின்னா மஞ்சள் வேனா வரிசையாப் போகும். நம்ம சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொடக்கப் பள்ளியில ரெண்டு வகுப்பறை, ஒரு வேப்ப மரம், ரெண்டு டீச்சர். அவ்வளவுதான். ஆனா ஒரு ஆறு வயசுப் பிள்ளை முதல்ல கத்துக்க வேண்டிய பாடம் அங்கதான் நல்லா நடக்குதுன்னு நான் சொல்றேன்.

அது என்ன பாடம்? கோபம் வந்தா என்ன செய்யணும், அழுறவ பக்கத்துல எப்படி உட்காரணும், கா விட்டவகிட்ட எப்படிப் போய்ப் பழம் விடணும். இதுக்குப் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. அதனால யாரும் இதைப் படிப்புன்னு எண்ணுறதில்லை.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். என் தம்பிக்கு ஏழு வயசு. போன வருஷம் அவனை வேன் வர்ற பள்ளிக்கூடத்துக்கு மாத்தினாங்க. (எந்தப் பள்ளின்னு எழுதலை, கேட்காதீங்க.) வகுப்புல நாற்பதுக்கு மேல பிள்ளைங்க. பேசினா வாயில விரல் வெச்சு உட்காரணும். இங்கிலீஷ் ரைம்ஸ் நாலு சொல்றான், உண்மைதான். ஆனா பக்கத்துல உட்கார்ற பையன் பேரு என்னடான்னு கேட்டா தெரியலைங்கிறான்! எட்டு மாசம் ஆச்சு. முன்னாடி சாயங்காலம் வந்ததும் பள்ளிக்கூடத்துல யார் யாரை அடிச்சா, யார் யாருக்கு மாங்காய் கொடுத்தான்னு ஓயாம பேசுவான். இப்ப பையை வெச்சிட்டு டிவி முன்னாடி உட்கார்றான். அம்மா பேண்டேஜ் தறிக்குப் போறாங்க, அப்பா மில்லுல ஷிப்ட். வர்ற ஜூன் மாசம் திரும்ப இங்கேயே சேர்த்திடலாம்ங்கிறாங்க அம்மா. சொந்தக்காரங்க சிரிப்பாங்கங்கிறார் அப்பா. இன்னும் முடிவாகலை.

நம்ம நூலகத்துல 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'ன்னு ஒரு புத்தகம் இருக்கு. தெத்சுகோ குரோயநாகி அம்மா தன் சின்ன வயசைப் பத்தி எழுதினது, ஜப்பானில் 1981-ல் வெளிவந்தது. சேட்டைன்னு சொல்லி முதல் பள்ளியில அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிட்டாங்க. அப்புறம் சேர்ந்தது டோக்கியோவில் இருந்த டொமோயி பள்ளி. பழைய ரயில் பெட்டிதான் வகுப்பறை, மொத்தமே ஐம்பது பிள்ளைங்கதான். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாள் அந்தச் சின்னப் பிள்ளை பேசினதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாராம்! நம்மகிட்ட யாராவது நாலு நிமிஷம் கேட்டா அதிசயம். அந்தப் பள்ளியில கை கால் வளராத ஒரு பையன் இருந்தான். அவன் ஜெயிக்கிற மாதிரியே விளையாட்டுப் போட்டியை யோசிச்சு வெச்சார் அவர். பரிசு என்னன்னா காய்கறி! 1945-ல் குண்டு விழுந்து பள்ளி எரிஞ்சு போச்சு. ஐம்பது பிள்ளைங்க படிச்ச பள்ளியைப் பத்தி உலகமே இன்னிக்கும் படிக்குது.

அது ஜப்பான், நமக்கு ஆகுமான்னு கேட்பீங்க. தர்மபுரி பக்கம் நாகர்கூடல் கிராமத்துல மீனாட்சி உமேஷ் அம்மா 2000-ல் தொடங்கின 'புவிதம்' இருக்கு. அங்க பிள்ளைங்க மண்ணுல வேலை செஞ்சும் கையால செஞ்சும் படிக்கிறாங்க. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்க பெரியம்மா மகள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில படிச்சப்ப 'செயல்வழிக் கற்றல்' இருந்துச்சு. ஆந்திராவுல மதனபள்ளி பக்கம் ரிஷிவேலிக்காரங்க சின்னச் சின்ன கிராமப் பள்ளிகள்ல செஞ்சு பார்த்த முறை அதுக்கு வழிகாட்டி. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல தொடங்கி, 2007-ல் தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. எல்லாரும் பாயில வட்டமா உட்காரணும், டீச்சரும் கீழேதான். அவங்கவங்க அட்டையை அவங்கவங்களே எடுக்கணும். வருகையைக்கூடப் பிள்ளையே குறிக்கணும். முக்கியமா, ஒண்ணாவதும் நாலாவதும் ஒரே அறை. தெரிஞ்சது தெரியாததுக்குச் சொல்லித் தரும். "எனக்குச் சொல்லிக் கொடுத்தது டீச்சர் பாதி, காமாட்சி அக்கா பாதி"ன்னு அக்கா இன்னிக்கும் சொல்லுவா. அந்த முறை இப்ப மாறிடுச்சு. 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' வந்திருக்கு, அரும்பு மொட்டு மலர்னு குழு பிரிக்கிறாங்க. பாட்டு, பொம்மை எல்லாம் இருக்கு. நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கிற அந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் விட்டுடக் கூடாது.

இன்னொண்ணு, சோறு. நம்ம விருதுநகர் காமராசர் ஐயா 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரியும். காலை உணவு 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. இதைப் படிப்புக்காகன்னு மட்டும் சொல்றாங்க. நான் பார்த்தது வேற. முன்னாடி காலையில முதல் சண்டை ஒன்பதரைக்கே வந்திடும், பசியில வர்ற சண்டை அது. இப்ப ஒரே வரிசையில ஒரே கிச்சடி. தெருப் பேரைச் சொல்லிப் பிரிக்கிறது பெரியவங்க பழக்கம், தட்டு வரிசையில அது இல்லை.

சின்னப் பள்ளியில குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு டீச்சர்ல ஒருத்தங்க மீட்டிங்னு போனா அஞ்சு வகுப்பையும் ஒருத்தங்கதான் பார்க்கணும். அப்புறம், மூணாவதுல மூணே பொண்ணுங்க இருந்து, ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தியைக் கா விட்டா, அவளுக்குப் போக வேற இடமே கிடையாது. பெரிய பள்ளியில வேற பெஞ்சுக்குப் போயிடலாம். ஆனா அதனாலதான் இங்க பழம் விட்டே ஆகணும். எங்க பழைய டீச்சர் வேப்ப மரத்தடியில ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, "முதல்ல நீ சொல்லு, அவ குறுக்க பேச மாட்டா. அப்புறம் அவ சொல்லட்டும்"னு சொல்லுவாங்க. தீர்ப்பு சொல்ல மாட்டாங்க. நாங்களே முடிக்கணும். சில சமயம் மதியச் சாப்பாட்டு மணி அடிச்சப்புறமும் உட்கார்ந்திருப்போம்.

2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு, பிள்ளையை அடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லலை, மனசை நோகடிக்கவும் கூடாதுங்குது. வாயில விரல் வைக்கச் சொல்றது எதுல சேரும்? பெரியவங்க யோசிக்கட்டும்.

நாம செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க வாரத்துல ஒரு நாள், வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் போய் அந்தப் பதினெட்டுப் பேரோட உட்காரலாம். பாடம் நடத்த வேண்டாம். பல்லாங்குழி ஆடலாம், அவங்க சொல்றதைக் கேட்கலாம். ரெண்டு பள்ளி டீச்சர்களும் சரின்னு சொல்லியிருக்காங்க. வர விருப்பம் உள்ளவங்க இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால பேர் எழுதுங்க. புளியங்கொட்டை நான் கொண்டு வர்றேன், பல்லாங்குழிக் கட்டை வீட்டுல இருக்கிறவங்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி