முகமூடியைக் கழற்று!

முகமூடியைக் கழற்றச் சொல்லி ஒரு திருடனுக்கு கோர்ட் உத்தரவு போட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருடனைப் பிடிக்கிறவனுக்கே போட்டால்?

போட்டார்கள். 1979-ல், லாஸ் ஏஞ்சல்ஸில். உத்தரவு வாங்கியவர் பெயர் க்ளேட்டன் மூர். வயசு 64. 'இனிமேல் பொது இடங்களில் கறுப்பு முகமூடி மாட்டிக்கொண்டு லோன் ரேஞ்சராகத் தோன்றக் கூடாது' என்று தடை. வழக்குப் போட்டது ஏதோ கொள்ளைக்கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். லோன் ரேஞ்சரின் சட்டபூர்வமான முதலாளிகள்!

லோன் ரேஞ்சர் 1933-ல் டெட்ராய்ட் ரேடியோவில் பிறந்த ஆசாமி. கதை இதுதான்: டெக்ஸாஸ் ரேஞ்சர்கள் ஆறு பேர் ஒரு பள்ளத்தாக்கில் போகிறார்கள். கொள்ளைக்கூட்டம் மறைந்திருந்து சுடுகிறது. ஐந்து பேர் காலி. குற்றுயிராகக் கிடக்கும் ஆறாவது ஆளை டோண்டோ என்கிற செவ்விந்தியன் காப்பாற்றுகிறான். ஆறு பேரும் செத்துவிட்டார்கள் என்று எதிரி நம்பட்டும் என்பதற்காக ஆறு குழி வெட்டுகிறார்கள். பிழைத்தவன் முகமூடி போட்டுக்கொள்கிறான். அப்புறம் ஒரு வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா, ஊர் ஊராக நியாயம்.

இது டி.வி.க்கு வந்தது 1949 செப்டம்பர் 15 அன்று. அதற்கு முதல் நாள்தான் மூருக்கு 35 வயசு முடிந்திருந்தது. (35 ஆகியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.)

அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? எல்லாம் செய்தார். சிகாகோக்காரர். சின்ன வயசில் சர்க்கஸில் பார் விளையாடினார். நியூயார்க்கில் மாடலாக நின்றார். ஹாலிவுட்டுக்கு வந்து துண்டு துக்கடா வேஷங்கள் கட்டினார். 'ஜாக் என்ற பெயர் எடுபடாது' என்று ஒரு தயாரிப்பாளர் சொல்ல, க்ளேட்டன் ஆனார். யுத்தம் வந்தது, விமானப் படைக்குப் போனார். திரும்பி வந்து, தியேட்டரில் வாராவாரம் 'அடுத்து என்ன ஆகும்?' என்று தொங்கவிடுகிற சீரியல் படங்களில் நடித்தார். ஒன்றில் நல்லவன், இன்னொன்றில் வில்லன். 1949-ல் வந்த ஸோரோ சீரியலில் முகமூடியும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அப்புறம்தான் லோன் ரேஞ்சர்.

சமீபத்தில் யூட்யூபில் பழைய எபிசோடுகள் நாலைந்தை ஒரே மூச்சில் பார்த்தேன். வேடிக்கைதான். ஹீரோ புழுதியில் புரண்டு சண்டை போடுகிறார், சட்டையில் ஒரு கறை கிடையாது. தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது, கொச்சைப் பேச்சு கிடையாது. வில்லனைக் கொல்வதுகூட இல்லை. கையிலிருக்கும் துப்பாக்கியை மட்டும் குறி பார்த்துச் சுட்டுத் தட்டிவிடுவார். சிரிப்பு வருகிறது. ஆனால் மூன்றாவது எபிசோடில் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏனென்றால் அந்த மனுஷன் துளிக்கூட நக்கல் இல்லாமல் நடிக்கிறார். கண்கள் பாதி மறைந்திருக்க, ஆழமான குரலையும் நிற்கிற தோரணையையும் மட்டும் வைத்துக்கொண்டு நம்மை நம்ப வைத்துவிடுகிறார்.

இரண்டு சீஸன் ஓடியது. ஏ.பி.ஸி. கம்பெனிக்கு முதல் பெரிய வெற்றி இதுதான். அந்த நேரம் பார்த்து மூரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! சம்பளத் தகராறு என்று பரவலாகச் சொல்வார்கள். ஜான் ஹார்ட் என்ற இன்னொரு நடிகர் வந்தார். முகமூடிக்குள் எந்த மூஞ்சி இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற கணக்காக இருக்கலாம். 52 எபிசோடு ஓட்டிப் பார்த்தார்கள். ஜனங்கள் ஒட்டவில்லை. 1954-ல் மூர் திரும்பி வந்தார். ஆக மொத்தம் 221 எபிசோடில் 169 அவருடையது.

அதே 1954-ல்தான் ஜாக் ராதர் என்கிற தொழிலதிபர் லோன் ரேஞ்சரின் உரிமையை 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். கதை, பெயர், முகமூடி எல்லாம் அதில் அடக்கம். நடிகர் மட்டும் அடக்கமில்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1957-ல் தொடர் முடிந்தது. 1958-ல் இரண்டாவது சினிமாவும் வந்து போனது. சாதாரணமாக ஒரு நடிகர் இந்தக் கட்டத்தில் என்ன சொல்வார்? 'அந்த இமேஜிலிருந்து வெளியே வர விரும்புகிறேன்' என்பார். மூர் நேர் எதிர். உள்ளேயே குடியிருந்துவிட்டார். அதே உடை, தொப்பி, முகமூடியோடு இருபது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனார். கடை திறப்பு விழா, ஊர்வலம், குழந்தைகள் கூட்டம். நேர்மையாக இரு, சத்தியமாக இரு என்று லோன் ரேஞ்சருக்கு எழுதி வைத்த விதிகளைத் தன் வாழ்க்கைக்கும் விதியாக எடுத்துக்கொண்டேன் என்று கூச்சமில்லாமல் சொன்னார். பிழைப்பும் அதில்தான், பிரியமும் அதில்தான்.

தொடரில் அவர் அடிக்கடி கிழவன் வேஷம் போட்டு வில்லனை ஏமாற்றுவார். நிஜமாகவே வயசானபோதுதான் வில்லங்கம் வந்தது. ராதர் கம்பெனி புதிதாக ஒரு லோன் ரேஞ்சர் படம் எடுக்கத் தீர்மானித்தது. இளவட்ட ஹீரோ வரும்போது இந்தத் தாத்தா முகமூடியோடு சுற்றினால் ஜனங்கள் குழம்ப மாட்டார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். தடையும் கிடைத்தது.

சட்டப்படி பார்த்தால் அவர்கள் கட்சி அப்படியொன்றும் மோசமில்லை. காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். கம்பெனி யூனிஃபார்மை வேலை முடிந்த பிறகும் போட்டுக்கொண்டு அலைந்தால் நம் முதலாளிகள் மட்டும் சும்மா இருப்பார்களா? ஆனால் கம்பெனி ஒன்றை மறந்துவிட்டது. ஜனங்களுக்குப் பத்திரம், பட்டா எல்லாம் தெரியாது. குழந்தையாக இருந்தபோது கையைப் பிடித்துக் குலுக்கியவர் யார் என்பதுதான் தெரியும். மூருக்கு ஆதரவாகக் கையெழுத்து வேட்டை நடந்தது. அவரும் எதிர் வழக்குப் போட்டார்.

வழக்கு நடக்கிறவரை என்ன செய்தார்? இங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கோர்ட் சொன்னபடி முகமூடியைக் கழற்றிவிட்டார். பதிலுக்கு ஒரு பெரிய கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டார். கிட்டத்தட்ட முகமூடி சைஸில், கண்ணைச் சுற்றி வளைந்திருக்கும் கூலிங் கிளாஸ். கோர்ட் உத்தரவில் அதற்குத் தடை இல்லையே! தொப்பி, உடை எல்லாம் பழையபடி. அதே கூட்டம், அதே கைதட்டல்.

புதுப் படம் 1981-ல் வந்தது. ஹீரோ க்ளின்டன் ஸ்பில்ஸ்பரி. அவர் குரல் சரிப்படவில்லை என்று வேறொரு நடிகரை வைத்து டப்பிங் கொடுத்தார்கள். முகத்துக்கு முகமூடி, குரல் கடன் என்றால் மிச்சம் ஆள் எங்கே? படம் படுத்துவிட்டது. ஸ்பில்ஸ்பரி அதற்கப்புறம் வேறு சினிமாவே நடிக்கவில்லை.

1984-ல் ராதர் தரப்பு இறங்கி வந்தது. தடை விலகியது. அப்போது மூருக்கு 70 வயசு. முகமூடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

கூடவே நடித்தவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டோண்டோவாக வந்த ஜே ஸில்வர்ஹீல்ஸ் கனடாவில் பிறந்த நிஜமான மோஹாக் இனத்தவர். பிரமாதமான லக்ராஸ் ஆட்டக்காரர். அவருக்கு முகமூடி கிடையாது. ஆனால் அரைகுறை இங்கிலீஷ் பேசவேண்டிய டோண்டோவை வருஷக்கணக்காகச் சுமந்தார். டோண்டோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் முட்டாள் என்று அர்த்தம் வேறு! பிற்பாடு செவ்விந்திய நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பட்டறை ஆரம்பிப்பதில் முன்னின்றார். 1980-ல் காலமானார். ஒரே தொடர், ஒரே மேக்கப் அறை. ஒருவருக்கு அந்த வேஷம் வீடு, இன்னொருவருக்குச் சுமை. இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகிறது.

ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரங்களின் பெயரைப் பதிப்பார்கள் இல்லையா? 1987-ல் மூருக்கும் பதித்தார்கள். பொதுவாக நடிகர் பெயர்தான் இருக்கும். இவர் கல்லில் 'க்ளேட்டன் மூர்' என்பதோடு 'லோன் ரேஞ்சர்' என்றும் இருக்கிறது. 30 லட்சம் டாலர் கொடுத்தவருக்குப் பத்திரம் கிடைத்தது. இவருக்குக் கல்வெட்டு கிடைத்தது.

1996-ல் சுயசரிதை எழுதினார். 'அந்த முகமூடி மனிதன் நான்தான்' என்பதுதான் தலைப்பின் அர்த்தம். 1999 டிசம்பர் 28 அன்று, 85 வயசில் போய்ச் சேர்ந்தார். 2013-ல் பெரிய செலவில் இன்னொரு லோன் ரேஞ்சர் படம் வந்தது. அதுவும் ஓடவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே மாதச் சம்பளத்துக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள்தான். நாற்காலி, கையெழுத்து, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாம் கம்பெனியுடையது. 'கழற்றி டேபிள் மேல் வையுங்கள் சார்' என்று ஒருநாள் சொல்லத்தான் போகிறார்கள். வைத்துவிட வேண்டியதுதான், தகராறு செய்ய முடியாது. ஆனால் அந்த வேலையை நாம் எப்படிச் செய்தோம் என்பதைக் கழற்றி வாங்கிக்கொள்ள எந்த கோர்ட்டாலும் முடியாது.

எதற்கும் ஒரு நல்ல கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.