வீட்டுப் பட்டறைக்கு ஒரு சமதளக்கல்

நடுவுநிலைமையை விளக்கப் புகுந்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாகக் கொண்டார். இரும்பை அறுத்தும் அராவியும் கடைந்தும் பொருள் செய்வோனுக்கு அத்துலாக்கோலின் இடத்தில் நிற்பது சமதளமாகும். அவன் செய்த பொருள் நேரியதோ கோணியதோ என்று தீர்ப்புக் கூறவல்லது அதுவே. பட்டறைகளில் 'சர்பேஸ் பிளேற்' என வழங்கும் இதனை, கருங்கல்லால் ஆனதாயின், சமதளக்கல் என இங்கு அழைப்போம். வீட்டிற் சிறு பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவரும், வைக்க விரும்பும் இளைஞரும் இதனைக் குறைந்த செலவில் அடையும் வழி யாது என்பதே ஆராயத்தக்கது.

முன்னாளில் இப்பலகைகள் வார்ப்பிரும்பினாலேயே ஆக்கப்பட்டன. 1840 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தின் முன் ஜோசப் விட்வேர்த் என்னும் பொறியியலறிஞர், உண்மைச் சமதளத்தை ஆக்கும் முறையை எடுத்துரைத்தார். இரு பலகைகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்தால் மட்டும் போதாது. ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருப்பினும் அவை செவ்வனே பொருந்தும். மூன்று பலகைகளை மாறிமாறி இணைத்துத் திருத்தி, இடையிடையே திருப்பி வைத்தும் பார்த்து, எந்த இரண்டும் எந்நிலையிலும் பொருந்துமாயின், அப்போதுதான் மூன்றும் சமதளமெனத் துணியலாம். இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் அரிதாகவே, அமெரிக்காவின் டேற்றன் நகரிற் கருங்கல் வார்ப்பிரும்பின் இடத்தைப் பெறத் தொடங்கியது. கருங்கல் துருப்பிடியாது, காந்தத்தால் ஈர்க்கப்படாது, அடிபட்டால் இரும்பைப்போல் விளிம்பெழும்பாது, சில்லாகப் பெயர்ந்துவிடும். உப்புக்காற்று வீசும் நம் கரையோர ஊர்களுக்குத் துருப்பிடியாமை ஒன்றே பெருநன்மையாகும்.

மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமே என்பார் உளர். அடுக்களை மேடைக்கு அறுத்து எஞ்சிய பளபளப்பான துண்டொன்றை நானும் அவ்வாறு வாங்கினேன். சில மாதங்கள் அதன்மேல் மைதடவிப் பார்த்து அராவிய துண்டுகள் யாவும், இயந்திரத்திற் பூட்டியதும் ஆடின. பிழை என் கையிலென்று எண்ணி, இத்தொழில் நமக்கு வாயாதென மனஞ் சோர்ந்தேன். பின்னர் நண்பர் ஒருவர் தம் நேர்கோலை அக்கல்லின்மேல் வைத்துக் காட்டியபோது, நடுவில் மெல்லிய தகடொன்று தடையின்றி நுழைந்தது. பிழை கையில் இல்லை, கல்லில் இருந்தது. பளபளப்பு வேறு, சமதளம் வேறு. அடுக்களைக் கல் இரண்டு சென்றிமீற்றர் அளவே தடிப்புடையதாதலின், தாங்கும் இடத்துக்கேற்ப வளையவுஞ் செய்யும். பொய்யான அளவுகோலாற் பொருள் கெடுவது சிறு நட்டம். கற்போன் தன் கைத்திறனிலேயே நம்பிக்கை இழப்பது பெருநட்டம்.

ஆயின் எதனை வாங்குவது? ஆய்வுகூடத்துக்குரிய உயர்தரத்தை நாடவேண்டியதில்லை. அமெரிக்க வகுப்பின்படி 'ஏஏ', 'ஏ', 'பி' என மூன்று தரங்கள் உள. 12 அங்குலமும் 18 அங்குலமும் பக்கங்களாகவுள்ள 'பி' தரக் கல்லில் மேடுபள்ளம் ஓர் அங்குலத்தின் பத்தாயிரத்தில் இரண்டு பங்கினை மிஞ்சாது. அஃது ஏறத்தாழ 5 மைக்றோன். தலைமயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கென்று கொள்ளலாம். வீட்டு வேலைக்கு இதுவே மிகை. எனினும் மூன்றங்குலத் தடிப்புள்ள அக்கல் 30 கிலோகிராம் வரை நிறையுடையது. கடல்கடந்து வருங் கல்லுக்கு ஏற்றுகூலி நிறைக்கேற்ப ஏறும். 2022 இல் நம் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் அச்சுமை முன்னையினும் பெரிது. ஆதலின் 9 அங்குலம், 12 அங்குலம் உடைய சிறு கல்லே தனியொருவருக்கு ஏற்றது. அதனை மூன்று புள்ளிகளில் மட்டுந் தாங்கி, வெயிற் படாத இடத்தில், மூடி வைத்தல் வேண்டும்.

மூடப்பட்ட தொழிற்சாலைகளிலிருந்து வரும் பழைய கற்களும் நல்லனவே. அவை பெரும்பாலும் நடுவிலே தேய்ந்திருக்கும். முள்ளளவுக் கருவியைத் தாங்கியோடு மெல்ல நகர்த்தினால், தேய்வுள்ள இடத்தில் முள் அசைந்து காட்டிக்கொடுக்கும். ஓரங்கள் நன்றாயிருப்பின் வாங்கலாம். பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கண்ணாடியும் தொடக்கக்காரருக்கு உதவும். உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு ஆக்கும் முறை 1959 இல் இங்கிலாந்தில் வெளியிடப்பட்டதன்பின், கண்ணாடி வியக்கத்தக்க அளவு சமனாகவே கிடைக்கின்றது. அதுவும் வளையக்கூடியதென்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

இனி என் கருத்தைக் கூறுகின்றேன். நாம் ஒவ்வொருவரும் அத்தாட்சிப் பத்திரத்தோடு கூடிய கல்லை வாங்குதல் இயலாது, வேண்டுவதுமன்று. அத்தகைய கல் ஒன்று நம் கல்லூரியில் இருந்தாற் போதும். வீடுகளிலுள்ள கண்ணாடியையும் பழங்கல்லையும் வைத்துச் செய்த நேர்கோல்களை அதன்மேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மாணவர் மூன்று சிறு வார்ப்பிரும்புப் பலகைகளைச் சுரண்டித் திருத்தி, விட்வேர்த்தின் முறையைத் தம் கையாலேயே பழகலாம். கேத்திரகணிதத்திற் படித்த சமதளம் அன்று அவர் விரலுக்குத் தட்டுப்படும்.

'இலக்கங் காட்டும் அளவுகருவிகள் மலிந்த இக்காலத்தில் இது எதற்கு?' என வினவுவோர்க்கு ஒன்று கூறுவேன். அக்கருவி நீளத்தைக் கூறும். ஒரு முகம் நேரியதோ என்பதைக் கூறாது. அதனைக் கூறுவதற்கு ஒப்புநோக்க ஒரு மெய்யான தளம் வேண்டும். யூபிலி ஆண்டின் நினைவாகக் கட்டடங்களும் கேடயங்களும் வழங்க நினைக்கும் பழைய மாணவ அன்பர்கள், இக்கல் ஒன்றையும் தம் சிந்தையிற் கொள்வாராக. செலவு சிறிது, பிழை தன் கையிலா கருவியிலா என்று தெரியாமல் மனஞ் சோரும் மாணவன் ஒருவனேனும் அதனாற் காக்கப்படுவான்.