மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உதவித் திட்டங்கள் பல: பெற்றோர் அலைச்சலில் கரையும் ஆரம்ப ஆண்டுகள்

புது தில்லி: மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு முதல் இலவசக் கல்வி வரை மத்திய அரசின் உதவிகள் பல உள்ளன. ஆனால் அவை சமூக நீதி, சுகாதாரம், கல்வி ஆகிய அமைச்சகங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. எதற்கு எங்கே விண்ணப்பிப்பது எனக் கண்டறியும் சுமை பெற்றோர் மீதே விழுகிறது. பயிற்சியும் சிகிச்சையும் அதிகப் பலன் தரக்கூடிய ஆரம்ப ஆண்டுகள் இந்த அலைச்சலில் கழிந்துவிடுவதே முக்கியச் சிக்கல்.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 ஆக உயர்ந்தன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்றவை இதனால் சட்டப் பாதுகாப்பைப் பெற்றன. எனினும், பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத பாதிப்பு இருப்பதாக மருத்துவச் சான்று தேவை. 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசின் 17 திட்டங்களுக்குத் தனித்துவ அடையாள அட்டை அல்லது அதற்கு விண்ணப்பித்த பதிவு எண் கட்டாயம். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளோ, சான்று வழங்குவதற்கான அவகாசத்தை ஒரு மாதத்திலிருந்து 3 மாதங்களாக நீட்டித்தன.

காலதாமதத்தின் விலையை ஓர் உதாரணம் உணர்த்தும். உதவி உபகரணத் திட்டத்தின் கீழ், செவித்திறன் இழந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த நிதியுதவி வழங்கப்படுகிறது. பேச்சு வருவதற்கு முன்பே செவித்திறனை இழந்த குழந்தை என்றால் 5 வயதுக்குள் இருக்க வேண்டும். குறைபாடு தாமதமாகக் கண்டறியப்பட்டால், திட்டம் இருந்தும் பயனில்லை.

கல்வியிலும் இந்த இடைவெளி தெரிகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைகளுக்கு இலவசக் கல்வி பெறும் உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. அது 18 வயது வரை நீடிக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளோருக்கான 'நிராமயா' காப்பீடு, ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரையிலான சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வயது வரம்பு இல்லாத இத்திட்டம் சிறு குழந்தைகளுக்கும் பொருந்தும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 18 வயது நிறைந்து, 80 சதவீத பாதிப்புள்ள வறிய குடும்பத்தினருக்கு மட்டுமே உரியது.

தீர்வுக்கான கட்டமைப்பு புதிதாக உருவாக்கப்பட வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளில் ஒருமுறையும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. குறைபாடு ஐயம் உள்ளோர் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். அடையாள அட்டை, காப்பீடு, உபகரணம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும் அங்கேயே பெறப்பட்டால், குறைபாட்டைக் கண்டறியும் நாளே உதவி தொடங்கும் நாளாகவும் அமையும். அதுவரை, அரசாணையில் உள்ள உதவி குழந்தையைச் சென்றடைவது பெற்றோரின் விழிப்புணர்வையும் வசதியையும் பொறுத்ததாகவே இருக்கும்.