குழி தோண்டும் மீனுக்கும் வீடு வேண்டும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது சிலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. மீன்களைத் தேர்ந்தெடுக்கும்போது, 'பார்க்க அழகாக இருக்கிறதா?' என்பதே பெரும்பாலோரின் முதல் கேள்வியாக இருக்கிறது. 'இந்த மீன் எப்படி வாழும்?' என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மணலில் குழி தோண்டி வாழும் மீன்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

உளுவை இனத்தைச் சேர்ந்த சில மீன்கள் பிஸ்டல் இறாலுடன் ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறாலுக்குக் கண்பார்வை குறைவு. ஆனால், வளை தோண்டுவதில் அது வல்லது. மீனோ வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும் இறால் தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து நெருங்கினால் மீன் வாலை அசைக்கும். உடனே இரண்டும் உள்ளே மறைந்துவிடும். தாடை மீனுக்கு இத்தகைய துணை இல்லை. அது தன் வாயாலேயே மணலை அள்ளிக் கொட்டி, வளையைச் சுற்றிச் சிறு கற்களை அடுக்கும்.

இம்மீன்களை, மெல்லிய மணல் தூவிய தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? ஒளிய இடமின்றி எந்நேரமும் அச்சத்தில் இருக்கும். உணவு உண்ண மறுக்கும். தொட்டியிலிருந்து துள்ளிக் குதித்து உயிரையும் விடும். ஆகவே, தாடை மீனுக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் ஆழத்திற்காவது மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் கலந்து பரப்ப வேண்டும். பாறைகளை மணலின்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், மீன் அடியில் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து அதையே நசுக்கிவிடலாம். தொட்டிக்கு வலைமூடியும் தேவை.

"ஆழமான மணல் இருந்தால் மீன் ஒளிந்துகொள்ளுமே! காசு கொடுத்து வாங்கியும் பார்க்க முடியாதே!" என்று சிலர் கேட்கலாம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஓடி ஒளிய இடமுள்ள மீன்தான் அச்சமின்றி வெளியே தலைகாட்டும்.

வேறு சிலர், கடல் உயிர்களை வீட்டில் அடைத்து வைப்பதே தவறு என்பர். அக்கருத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கோமாளி மீன் போன்ற சில வகைகள் பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. ஆயினும், விற்பனைக்கு வரும் கடல்மீன் வகைகளில் பெரும்பாலானவை பவளப் பாறைப் பகுதிகளில் பிடிக்கப்பட்டவையே. தொட்டியில் ஒரு மீன் இறந்தால், அதன் இடத்தை நிரப்ப இன்னொரு மீன் கடலை இழக்க நேரிடும்.

எனவே, எல்லாரும் இம்மீன்களை வளர்க்கலாம் என நான் கூறமாட்டேன். தேவையான மணலையும் இடத்தையும் நேரத்தையும் தர முடிந்தவர்கள் வளர்க்கட்டும். முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே அம்மீனுக்குச் செய்யும் நன்மையாகும்.