எப்போது சுடலாம்? விதியை வெளியிடுங்கள்

"போலீஸ்காரன் கையைக் கட்டிப்போட்டுட்டாங்க. அதான் குண்டருங்க இந்த ஆட்டம் ஆடுறானுங்க." ஈப்போவில் புந்தோங், சிலிபின் பக்கம் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பணி ஓய்வு பெற்ற சார்ஜெண்டுகள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். சீருடையில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். மனித உரிமை, குறைந்தபட்ச பலப்பிரயோகம், பேசிச் சமாதானப்படுத்தும் முறை என்று வகுப்புக்கு மேல் வகுப்பு எடுக்கிறார்கள். பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனுக்கு அந்த வகுப்பை யார் எடுப்பது என்பது அவர்கள் கேள்வி.

இந்த மனக்குமுறலைக் கிண்டலடித்து ஒதுக்குவது நியாயமில்லை. 1975 நவம்பர் 13ஆம் தேதி பேராக் மாநில போலீஸ் தலைவர் கூ சொங் கோங் இதே ஈப்போ நகரத்தின் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாட்டின் போலீஸ் படைத் தலைவரே கோலாலம்பூரில் சுடப்பட்டு மாண்டிருந்தார். 2024 மே மாதம் ஜொகூர், உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் புகுந்த ஒருவன் இரண்டு கான்ஸ்டபிள்களின் உயிரைப் பறித்தான். வேலைக்குப் போன பிள்ளை வீடு திரும்புவானா என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் போலீஸ்காரரின் தாய்மாரும் நம்மில் உண்டு.

ஆனால் அந்த நியாயமான பயத்தை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் வேறொன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இந்த அபாய மணியை அடிக்கிறோம்.

2025 நவம்பர் 24ஆம் தேதி, மலாக்கா டுரியான் துங்கலில் மூன்று இந்திய இளைஞர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வயது 21, 24, 29. கொள்ளைக் கும்பல், பாராங்கால் போலீஸ்காரரைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட வேண்டியதாயிற்று என்று உடனே அறிக்கை வந்தது. வழக்கு, போலீஸ்காரரைக் கொல்ல முயன்றதாகப் பதிவானது. செத்தவர்கள் குற்றவாளிகளாகவே செத்தார்கள். குடும்பத்தார் ஒரு தொலைபேசி ஒலிப்பதிவோடு வெளியே வந்து, வழக்கறிஞர்கள் விடாமல் நின்ற பிறகு, டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைக் குற்றவியல் சட்டம் 302ஆம் பிரிவின் கீழ், அதாவது கொலையாக, விசாரிக்கச் சொன்னது. அங்கே என்ன நடந்தது என்பதை நாம் தீர்ப்பாக எழுத முடியாது. ஆனால் அந்த ஒலிப்பதிவு இல்லாதிருந்தால் முதல் நாள் அறிக்கையே கடைசி அறிக்கையாகவும் இருந்திருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

அந்த அறிக்கையின் அச்சு எல்லோருக்கும் பழக்கமானது. சந்தேக நபர்கள் நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை, தாக்கினார்கள், திருப்பிச் சுடப்பட்டது, ஆயுதம் கைப்பற்றப்பட்டது, இறந்தவர்கள் மீது இத்தனை பழைய வழக்குகள். இடத்தின் பெயரையும் தேதியையும் மாற்றினால் அடுத்த சம்பவத்துக்கும் அதுவே போதும். தமிழ் நாளேடுகள் உட்பட எல்லாப் பத்திரிகைகளும் அதை வரி மாறாமல் அச்சிடுகின்றன. லாக்காப்பில் நடக்கும் சாவுக்கும் இப்படித் தனி மொழி உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் குகன் என்ற இளைஞர் இறந்தபோது முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது. குடும்பம் போராடி நடத்த வைத்த இரண்டாவது பரிசோதனையில்தான் உடலெங்கும் இருந்த அடிக்காயங்களுக்கு எழுத்தில் இடம் கிடைத்தது. 2013இல் உயர் நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் போலீசையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளியாக்கி 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு விதித்தார். நான்கு ஆண்டுகள் ஓடின, உள்ளதை உள்ளபடி சொல்ல.

வார்த்தைகள் மென்மையாகிவிட்டன என்று போலீஸ்காரர்கள் குறைப்படுகிறார்கள். மென்மையான வார்த்தை அதிகம் புழங்குவது பயிற்சி வகுப்பில் அல்ல, இந்த அறிக்கைகளில்தான்.

அடுத்து விதிக்கு வருவோம். ஈப்போவில் சட்டப் புத்தகம் விற்கும் கடைக்குப் போய்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைக் கேட்டால், அட்டை மெலிந்த பதிப்பு ஒன்றை எடுத்துத் தருவார்கள். அதில் 15ஆம் பிரிவைப் புரட்டுங்கள். கைது செய்யும்போது ஒருவர் பலவந்தமாக எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ, கைது செய்யத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்கிறது. அடுத்த உட்பிரிவு, மரண தண்டனை போன்ற மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்று கடிவாளம் போடுகிறது. சட்டம் பகிரங்கமாகச் சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான். தற்காப்பு உரிமை குற்றவியல் சட்டத்தில் தனியாக உண்டு. எச்சரிக்கை எப்படிக் கொடுப்பது, ஓடும் காரை நோக்கிச் சுடலாமா, குறி எங்கே, சுட்ட பிறகு முதலுதவி யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் அதே கடைக்காரரிடம் பதில் இல்லை. அவை போலீஸ் படைத் தலைவரின் நிரந்தர ஆணைகளில் இருக்கின்றன. 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படும் அந்த ஆணைகள் ரகசியம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2014இல் மலேசிய போலீஸ் பற்றி அறிக்கை தயாரித்தபோதும் அவை வெளியே தரப்படவில்லை. பிரிட்டனில் ஆயுதம் தாங்கிய போலீசாருக்கான வழிகாட்டி இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கிறது. அங்கே அதனால் குண்டர்கள் கை ஓங்கிவிட்டதாகத் தெரியவில்லை.

இந்த ரகசியத்தால் முதலில் அடிபடுகிறவர் கீழ்மட்டப் போலீஸ்காரர்தான். 2010 ஏப்ரலில் ஷா ஆலமில் காரோட்டிச் சென்ற பள்ளி மாணவன் அமினுல் ரஷீத் சுடப்பட்டு இறந்தான். சுட்ட கார்ப்பரலுக்கு 2011இல் ஐந்தாண்டுச் சிறை. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் விடுதலை. ஒரே துப்பாக்கிச் சூடு, இரண்டு நீதிமன்றம், இரண்டு முடிவு. எந்த விதியை நம்பி அவர் விசையை இழுத்தார் என்பதைப் பெற்றோரும் படிக்க முடியவில்லை, நாட்டு மக்களும் படிக்க முடியவில்லை. அந்த வேளையில் போலீஸ் படைத் தலைவராக இருந்த மூசா ஹசான் விதியைத் தெளிவாக்குவதாகச் சொல்லவில்லை. சட்டத்தை அமல்படுத்த வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், என் ஆட்களை நடவடிக்கை எடுக்காமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன் என்ற பொருள்படப் பேசினார். மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கு அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் தரக்கூடிய பதிலா அது?

பேராக்கில் வாழும் நமக்கு இந்த ரகசியத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று காட்ட வேறு யாரும் வேண்டாம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அந்த ஆண்டு டிசம்பரில் சிலாங்கூர், பத்தாங் காலியில் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நிராயுதபாணிகளான 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். தப்பியோட முயன்றார்கள் என்றது அரசாங்க விளக்கம். அடுத்த மாதமே, 1949 ஜனவரியில், அவசரகால ஒழுங்குவிதிகளில் 27ஏ என்று ஒன்று சேர்க்கப்பட்டது: தப்பியோடுகிறவரைத் தடுக்க உயிர்க்கொல்லி ஆயுதத்தைப் பயன்படுத்தலாம், அதற்கு முன்பு அப்படிச் செய்ததும் செல்லும். சுட்டு முடித்த பிறகு விதி எழுதப்பட்டது.

நம் தாத்தா பாட்டிகள் அந்தக் காலத்தில் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பால்வெட்டப் போனார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. தோட்டத்து மக்கள் சந்தேகத்துக்குரியவர்களாகவே பிறந்தார்கள் என்ற எண்ணம் வேலியோடு கழற்றப்படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் புந்தோங்குக்கும் பத்து காஜாவுக்கும் தாமானோரப் புறம்போக்குகளுக்கும் வந்து சேர்ந்தபோது அந்த எண்ணமும் கூடவே வந்தது. லாக்காப்பை இன்றும் ஆளும் விதிகள் 1953ஆம் ஆண்டுக்குரியவை. அவசரகாலத்தின் நடுவில் எழுதப்பட்டவை.

கை கட்டப்பட்டது என்ற புகார் இதற்கு முன்னும் ஒருமுறை நாடு முழுக்க ஒலித்தது. விசாரணையின்றி அடைத்து வைக்க உதவிய 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் ரத்தாகும் என்று 2011 செப்டம்பரில் பிரதமர் நஜிப் அறிவித்தார். குண்டர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள், இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று போலீஸ் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தச் சட்டம் அதன் கடைசிக் காலத்தில் யார் மீது பாய்ந்தது என்பதைச் சுங்கை சிப்புட்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2011 ஜூலையில் அதில் அடைக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவர் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், தோட்டத் தொழிலாளர்களுக்காக வாழ்நாளெல்லாம் நடந்த டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார். அவர் எந்தக் குண்டர் கும்பலின் தலைவர்? ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். சட்டம் போனதும் வேறொன்று வராமலும் இல்லை. 2012இல் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டம் வந்தது. 2014இல் குற்றத்தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு விசாரணையில்லாத் தடுப்புக்காவல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. இடையில் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் உள்துறை அமைச்சர் அகமட் சாஹிட் ஹமிடி, இனி எச்சரிக்கையே தேவையில்லை, ஆதாரம் இருந்தால் முதலில் சுடுவோம் என்ற கருத்தில் மேடையில் பேசினார். அந்தப் பட்டியலையும் அந்தப் பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளையை நோக்கித் துப்பாக்கி திரும்புகிறது?

கும்பல்கள் நம் பிள்ளைகளைத் தின்பது உண்மை. அதை மூடி மறைக்கிறவர்கள் சமூகத்துக்கு நன்மை செய்யவில்லை. அதற்காகச் சந்தேகப்பட்டவனெல்லாம் சாகலாம் என்று தலையாட்டினால், நாளை கல்லூரிக்கு மோட்டார்சைக்கிளில் போகிற பையனுக்கும் அதே கணக்குத்தான்.

போலீசோடு இது முடியவில்லை. 2025 ஜனவரி 17ஆம் தேதி தைப்பிங் சிறையில் ஒரு மண்டபத்திலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றும்போது, அங்கே கழிப்பறை வசதி சரியில்லை என்று கைதிகள் தயங்கினார்கள். தொடர்ந்து சிறை வார்டர்கள் நடத்திய தாக்குதலில் 62 வயதுக் கைதி ஒருவர் இறந்தார். பலர் காயப்பட்டார்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தியதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிய வந்தது.

போலீசார் மீதான புகார்களைக் கேட்கத் தனி ஆணையம் வேண்டும் என்று துன் முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இலேயே பரிந்துரைத்தது. போலீஸ் தரப்பின் எதிர்ப்பில் அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்து, உருமாறி, 2023 ஜூலை 1இல் ஐபிசிசி என்ற போலீஸ் நடத்தை ஆணையமாக நடைமுறைக்கு வந்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, பரிந்துரைத்து அனுப்பலாம். அனுப்புவது உள்துறை அமைச்சர் தலைமை தாங்கும் போலீஸ் படை ஆணையத்துக்கு. இதைவிட மோசமானது ஒன்று உண்டு: நிரந்தர ஆணைகளின்கீழ் வரும் செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. துப்பாக்கி விதி எந்த ஆணையில் ஒளிந்திருக்கிறதோ, அந்த ஆணையைத் தொடாதே என்று சொல்லித்தான் ஆணையத்தைப் பெற்றெடுத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுப் போராட்டத்துக்கு இதுவா விடை?

கை கட்டப்பட்டது என்று சொல்பவர்களிடம் ஈப்போ இன்னொன்றையும் கேட்கிறது. இந்த ஊர்த் தாய் இந்திரா காந்தியின் பதினொரு மாதக் குழந்தையை 2009இல் தந்தை தூக்கிக்கொண்டு போனார். அவரைக் கைது செய்யும்படி கூட்டரசு நீதிமன்றம் 2016இல் போலீஸ் படைத் தலைவருக்கே உத்தரவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே கட்டவிழ்த்துவிட்ட அந்தக் கைகள் என்ன செய்தன?

நாம் கேட்பது போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கச் சொல்லி அல்ல. அவருக்கும் நமக்கும் ஒரே விதி, இருவரும் படிக்கக்கூடிய தாளில் இருக்க வேண்டும். நிரந்தர ஆணைகளில் துப்பாக்கிப் பயன்பாட்டுப் பகுதியை வெளியிடுங்கள். உளவுத்துறை ரகசியம் எதுவும் அதில் இருக்க வேண்டியதில்லை. உயிர் போன எந்தச் சம்பவத்திலும், சுட்ட பிரிவின் அதிகாரிகளே முதல் நாளில் காரணம் சொல்லி முடிவுரை எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். யார், எங்கே, எத்தனை குண்டு, யார் காயம் என்பதோடு அறிக்கை நிற்கட்டும். மற்றதை மரண விசாரணை நீதிமன்றம் சொல்லட்டும். உடலில் அணியும் கேமராவின் பதிவு சம்பந்தப்பட்ட மாவட்டத்தின் கையில் இருக்கக் கூடாது. ஐபிசிசி சட்டத்தில் நிரந்தர ஆணைகளுக்குத் தரப்பட்ட விலக்கு நீக்கப்பட வேண்டும்.

ஈப்போ பாராட் தொகுதியின் எம். குலசேகரன் இந்திரா காந்திக்காக நீதிமன்றப் படியேறிய வழக்கறிஞர். 2023 டிசம்பரில் சட்டச் சீர்திருத்தத் துணையமைச்சர் பொறுப்புக்கு வந்தவர். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது லாக்காப் மரணங்களைப் பற்றி அவர் எழுப்பிய குரலை இந்த ஊர் நம்பியது. சுங்கை சிப்புட், பத்து காஜா உறுப்பினர்களும் தோட்டத்துப் பிள்ளைகளின் வாக்கில் வந்தவர்கள்தாம். அரசுக்குள் குலசேகரன் வலியுறுத்தட்டும்; அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் உள்துறை அமைச்சரிடம் மற்ற இரு உறுப்பினர்களும் எழுத்து மூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: துப்பாக்கிப் பயன்பாடு குறித்த நிரந்தர ஆணை எந்தத் தேதியில் வெளியிடப்படும்? வரும் பதிலை இந்தப் பக்கத்தில் முழுமையாக அச்சிடுவோம்.